சஹ்யாத்ரி அடிவாரத்தில் – 2: மும்பைக்கு உழைத்துவிட்டு வரும் ஆறு

சென்ற வாரம் எங்கள் இரண்டு வண்டிகளும் பேண், நாகோட்டணே தாண்டி, கோலாடில் கோவா நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பியதோடு நிறுத்தியிருந்தேன். மாதுங்காவிலிருந்து நாங்கள் நால்வர். செம்பூரிலிருந்து அண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள். தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து அப்பா. மும்பையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் வந்தாயிற்று. இனி ஆறுதான்.

கோலாடிலிருந்து சாஜே கிராமத்துக்குப் போகும் வழியில் குறுக்கிட்ட ஓடைகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. பாலத்துக்கு அடியில் கருங்கல்லும் சருகும்தான். குன்றுகளில் புல் பழுப்பேறியிருந்தது. தேக்கு இலை உதிர்த்து மொட்டையாக நின்றது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற சீமை இது. ஆனால் எல்லாம் ஜூன் முதல் செப்டம்பருக்குள். அடியில் இருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய தக்காணத்துக் கரும்பாறை. அது நீரை அதிகம் பிடித்து வைப்பதில்லை. சரிவு செங்குத்து, கடலும் கிட்டத்தில். வந்த வேகத்தில் மழைத்தண்ணீர் அரபிக்கடலுக்குப் போய்விடுகிறது. கோடை முற்றினால் பல ஊர்க் கிணறுகளில் வாளி தரை தட்டும்.

குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று நம் முன்னோர் வகுத்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கண்ணால் பார்க்க வேண்டுமானால் மே மாதத்தில் சஹ்யாத்ரி அடிவாரத்துக்கு வாருங்கள். இந்தப் பாலையின் நடுவே, இரு பக்கமும் மலை நெருக்க, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாறைகளில் மோதி நுரைத்துக்கொண்டு ஓடுகிறது குண்டலிகா. சுற்றியுள்ள ஓடைகள் வற்றியிருக்க இது மட்டும் எப்படி ஓடுகிறது? இந்த வாரக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு ஓடவில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர் கூழாங்கற்களுக்கு இடையே நெளிந்து கொண்டிருந்தது. கரையில் காற்றடித்த ராஃப்டுகள் வரிசையாகக் கிடந்தன. "பாணீ இன்னும் விடலை" என்றார்கள். காத்திருந்த நேரத்தில் லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் தந்தார்கள். வார்களை எங்கள் வழிகாட்டி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து இறுக்கினார். ரிஷிகேஷ் பக்கத்துப் பையன். கங்கையில் தொழில் பழகியவர். பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை என்பதில் கறாராக இருந்தார். அண்ணனின் சின்ன மகனுக்குப் பதினான்கு முடிந்திருந்தது. அப்பா கரையோடு ஜீப்பில் வருவதாக ஏற்பாடு.

துடுப்பு போடும் பாடம் கால் மணி நேரம். 'ஃபார்வர்ட்' என்றால் முன்னே குனிந்து இழுக்க வேண்டும். 'பேக்' என்றால் பின்னே தள்ள வேண்டும். 'ஹோல்ட்' என்றால் துடுப்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்து உள்ளே குந்திவிட வேண்டும். அதைவிட முக்கியமான பாடம் தண்ணீரில் விழுந்தால் செய்ய வேண்டியது. நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், இடுப்பளவு ஆழம்கூட ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, பாதங்களை நீர் போகும் திசைக்கு நீட்டி, மிதந்துகொண்டே போக வேண்டும். கயிறு வந்து விழும். இதை எங்கள் எட்டுப் பேரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். குடும்பத்தோடு போகிறவர்கள் இந்தப் பாடத்தை அவசரப்படுத்தாத குழுவாகப் பார்த்துச் சேர வேண்டும்.

எட்டு மணி தாண்டியது. எங்கள் ராஃப்டுக்கு எதிரே ஒரு பாறை. அதன் இடுப்பில் ஒரு ஈரக் கோடு. கோட்டுக்குக் கீழே கறுப்பு, மேலே சாம்பல். முதலில் சத்தமே இல்லை. கூழாங்கற்களுக்கு நடுவே சிக்கியிருந்த சருகுகள் மெல்ல எழுந்து நகர ஆரம்பித்தன. கோடு மறைந்தது. சாம்பல் நிறம் விரற்கடை விரற்கடையாகக் குறைந்து, பாறையின் தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு முறை புரண்டுவிட்டுப் போனது. அப்போதுதான் இரைச்சல் வந்தது. "பாறை ஒவ்வொண்ணா முங்குதுல்லா, பாரு" என்று அப்பா என் மகளின் தோளைத் தட்டினார். "பாபநாசத்துல பவர்ஹவுஸ் தண்ணி விட்டா இப்படித்தான் ஏறும், எம்மா."

அப்பா சொன்னது அப்படியே சரி. இதுவும் பவர்ஹவுஸ் தண்ணீர்தான்.

சஹ்யாத்ரியின் முகட்டுக்குக் கிழக்கே, புனே பக்கம், முள்ஷி ஏரி இருக்கிறது. முளா ஆற்றின் தலைப்பகுதியை மறித்துக் கட்டிய அணை அது. முளா இயல்பில் கிழக்கே ஓடி, புனேயில் முட்டாவோடு சேர்ந்து, பீமாவாகி, கிருஷ்ணையாகி, ஆந்திரக் கரையில் வங்கக் கடலை அடைய வேண்டிய ஆறு. அந்த நீரை மலையைக் குடைந்து மேற்கே திருப்பி, குழாய்கள் வழியே சுமார் 500 மீட்டர் உயரத்திலிருந்து கொங்கணத்துக்கு இறக்குகிறார்கள். அடியில் இருப்பது டாடாவின் பீரா நீர்மின் நிலையம். 1927-இல் ஓடத் தொடங்கியது. சக்கரங்களைச் சுழற்றிய தண்ணீர் கீழே ஒரு சிறு அணையில் தேங்கி, அங்கிருந்து குண்டலிகாவில் இறங்குகிறது. மேற்கே போன பெரியாற்றைப் பென்னிகுயிக் 1895-இல் கிழக்கே திருப்பி வைகைக்குத் தந்ததை நாம் அறிவோம். இங்கே நடந்தது அதன் மறுதலை.

மதுரைச் சீமையில் திருப்பியது வயலுக்காக. இங்கே திருப்பியது பம்பாயின் ஆலைகளுக்காக. புகைபோக்கிகளும் நிலக்கரியும் மூச்சை அடைத்த நகரத்துக்கு மலைத்தண்ணீரிலிருந்து மின்சாரம் என்பது ஜம்ஷெட்ஜி டாடாவின் கனவு. அவர் 1904-இல் மறைந்தார். மகன் தோராப்ஜி நடத்தி முடித்தார். கோபோலி நிலையம் 1915-இல் வந்தது, பீவ்புரி 1922-இல், பீரா மூன்றாவது. பழைய இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து 150 மெகாவாட்; பிறகு இன்னொரு 150 மெகாவாட் இயந்திரம் சேர்ந்தது. நகரத்துக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படும் வேளையில் ஓட்டுவதற்கே இந்த நிலையம். அனல் நிலையத்தைச் சூடேற்றி எழுப்ப மணிக்கணக்காகும். நீர்மின் நிலையம் சில நிமிடங்களில் எழுந்துவிடும். ஆகவே காலையில் மும்பை விழித்து மோட்டாரும் ஏ.சி.யும் ரயிலும் ஓடத் தொடங்கும்போது பீராவில் சக்கரம் சுழல, பின்னாலேயே ஆறும் ஓடத் தொடங்குகிறது.

இது குண்டலிகாவுக்கு மட்டும் உள்ள விசேஷம் அல்ல. அமெரிக்காவின் பாலைவனத்தில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ராஃப்டில் போகிறவர்களின் கொலராடோ ஆறும் அப்படித்தான். 1963-இல் மேலே கிளென் கேன்யன் அணை மூடப்பட்டதிலிருந்து, அந்த ஆற்றின் மட்டம் நகரங்களின் மின்தேவையை ஒட்டிப் பகலில் ஏறி இரவில் இறங்குகிறது.

அப்பா பெஸ்ட் நிறுவனத்தில் கேபிள் ஜாயின்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாராவிக்கும் மாதுங்காவுக்கும் மின்சாரம் தருவது பெஸ்ட். அது டாடாவிடம் வாங்கி நமக்குத் தருகிறது. ஷாலிமார் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கத்தில் இருக்கும் டாடாவின் தாராவி ரிசீவிங் ஸ்டேஷனைத் தாண்டித்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போவோம். உயர்அழுத்தக் கம்பிகள் நகரத்துக்குள் இறங்கும் இடங்களில் அது ஒன்று. அப்பா பிள்ளைகளிடம் சொன்னார்: "மழைக்காலத்துல குழிக்குள்ள இறங்கி ஜாயின்ட் போடுவோம். இந்தக் கரண்டு எங்கிருந்து வருதுன்னு ஒரு நாளும் பார்த்ததில்ல. இன்னைக்குப் பார்த்தாச்சு." அந்த நிமிடத்தில் இந்தப் பயணம் எனக்கு வேறொன்றாக மாறியது. நாங்கள் வந்தது ஏதோ ஒரு சுற்றுலாத் தலத்துக்கு அல்ல. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு விளக்கை எரிய வைத்த தண்ணீரிடம்.

இனி ஆற்றுக்குள். நான்கு நான்காக இருபுறமும் அமர்ந்தோம். வழிகாட்டி பின்னால். எங்களுக்கு முன்னே, யாராவது விழுந்தால் எட்டிப் பிடிக்க, சாஜேக்காரர் ஒருவர் கயாக்கில். நீர்ச்சரிவுகளின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். குண்டலிகா 2-க்கும் 3-க்கும் நடுவே. பழக்கமில்லாத குடும்பத்துக்கு ஏற்ற ஆறு, ஆனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடிய ஆறு அல்ல.

முதல் நீர்ச்சரிவுக்கு (ராபிட்) முன்னால் வழிகாட்டி தண்ணீரைப் படிக்கக் கற்றுத் தந்தார். நீர்ப்பரப்பில் ஆப்பு போன்ற வடிவங்கள் தெரியும். கூர்முனை கீழ்நோக்கி இருந்து நடுவே வழவழப்பாக இருந்தால் அதுதான் வழி. கூர்முனை நம்மைப் பார்த்து இருந்தால் அதற்கு அடியில் பாறை. என் மகள் இதை உடனே பிடித்துக்கொண்டாள். அடுத்த வளைவிலேயே "அங்கே, இடப்பக்கம்" என்று அவருக்கு முந்திச் சொன்னாள். ராஃப்ட் அந்த வழவழப்பில் ஏறியதும் ஒரு கணம் இரைச்சல் அடங்கும். பிறகு முன்பக்கம் பள்ளத்தில் குத்தும். எதிரலை முகத்தில் அறையும். மே மாத வெயிலில் அந்தக் குளிர்ச்சி மூச்சை நிறுத்தியது. "ஃபார்வர்ட், ஃபார்வர்ட்!" பயத்தில் துடுப்பை நிறுத்தத் தோன்றும், நிறுத்தக் கூடாது. ஆற்றைவிட வேகமாகப் போகிற ராஃப்டைத்தான் திருப்ப முடியும். நின்றால் ஆறு இழுத்த பக்கம் போக வேண்டியதுதான்.

அண்ணிக்குத் தண்ணீர் என்றால் பயம். மூன்றாவது ராபிட் வரை கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் போட்டார். ஆனால் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அதற்கப்புறம் கண்ணைத் திறந்தார். "பார்த்துட்டேன், நீ கத்துற அளவுக்கு ஒண்ணுமில்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நடுவே ஆறு அகன்று அமைதியான இடத்தில், வழிகாட்டி அனுமதித்த பிறகு, அவரும் பிள்ளைகளோடு இறங்கி லைஃப் ஜாக்கெட்டில் மிதந்தார். கரைமரத்தில் மீன்கொத்தி, பாறையில் இறகு விரித்து உலர்த்தும் நீர்க்காகம். துணி துவைக்கும் பெண்கள் தண்ணீர் ஏறும் நேரம் தெரிந்து கல்லை மேலே மாற்றியிருந்தார்கள். நகரத்தின் மின்தேவை அவர்களின் காலைப்பொழுதையும் வகுக்கிறது. கீழே தோல்வஹால் அணைக்கட்டில் இதே நீர் கால்வாய்களில் பிரிந்து வயலுக்கும், ரோஹாவின் தொழிற்பேட்டைக்கும் போகிறது. மிச்சம் ரேவ்தண்டாவில், போர்ச்சுக்கீசியர் கட்டிய கோட்டைகளுக்கு நடுவே, கடல் சேர்கிறது. இரண்டு மணி நேரத்தில் நாங்கள் கரையேறினோம். அப்பா ஜீப்பருகே துண்டுகளோடு நின்றார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. முள்ஷி ஏரி வெறும் மலையிடுக்கில் நிறைந்தது அல்ல. அங்கே மாவளப் பகுதி விவசாயிகளின் கிராமங்கள் இருந்தன. நெல் விளையும் நல்ல நிலம் இருந்தது. அணைக்காக அவற்றை எடுத்தபோது 1921 ஏப்ரல் 16, ராம நவமி அன்று, சத்தியாகிரகம் தொடங்கியது. நாட்டின் முதல் அணை எதிர்ப்புப் போராட்டங்களில் ஒன்று அது. முன்னின்றவர் பாண்டுரங்க மகாதேவ் பாபட். அந்தப் போராட்டத்தில்தான் அவருக்குச் 'சேனாபதி' என்ற பெயர் நிலைத்தது. நிலத்துக்குப் பணம் கிடைத்தால் போதும் என்று புனேயின் பெரிய நிலக்காரர்களும் வட்டிக்காரர்களும் இறங்கி வந்ததில் இயக்கம் தளர்ந்தது. பாபட் தளரவில்லை, சிறை சென்றார். 1924-க்குள் போராட்டம் ஒடுங்கியது. அணை நின்றது, கிராமங்கள் நீரில் போயின.

மாதுங்கா ரோடு ஸ்டேஷனை ஒட்டி, தாதரிலிருந்து மாஹிம் நோக்கி ஓடுகிற சாலைக்குச் சேனாபதி பாபட் மார்க் என்று பெயர். பழைய ஆட்கள் இன்றும் துளசி பைப் ரோடு என்பார்கள். பூ வாங்கவும் டாக்டரிடமும் நாம் நாளும் கடக்கிற சாலை. அணையை எதிர்த்தவரின் பெயர் தாங்கிய அந்தத் தெருவின் விளக்குகளும் இதே மலைநீர் தந்த மின்சாரத்தில் எரிந்தவைதான். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோது என் மகன் கேட்டான்: "அப்ப அந்த ஊர்க்காரங்க எங்க போனாங்க, தாத்தா?" அப்பா தாராவியில் வாழ்கிறவர்; பிழைப்புக்காக ஊரைவிட்டு வருவது என்னவென்று தெரிந்தவர். "நம்மள மாதிரி எங்கயாவது போய்ப் பிழைச்சிருப்பாங்க. ஆனா நமக்குத் திரும்பிப் போக ஊர் இருந்துச்சுய்யா" என்றார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முதல் நாள் இரவே கோலாட் பக்கம் தங்கிவிடுங்கள். தண்ணீர் உங்களுக்காகக் காத்திராது. மழைக்காலத்தில் ஆறு பெருகும். அப்போது சின்னப் பிள்ளைகளோடு போக வேண்டாம். கட்டிய செருப்பு, சீக்கிரம் உலரும் உடை, மாற்றுத்துணி வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். நீச்சல் தெரியாவிட்டாலும் போகலாம். ஆனால் இதய நோய், முதுகுவலி, கர்ப்பம் இருந்தால் கரையே நல்லது. கூட்டிப் போகும் குழுவிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: முன்னே கயாக் வருமா, வீசுகயிறு இருக்கிறதா, வழிகாட்டி எங்கே பயின்றவர்? ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் வேறு குழுவைப் பாருங்கள்.

குண்டலிகாவில் துடுப்புப் போட்டது மகிழ்ச்சி. அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு மேலே ஒரு ஏரி இருக்கிறது, ஏரிக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. மின்சாரத்தை அனுபவிக்கிற நாம் ஆற்றை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புவது பாதிப் பயணம். ஆகவே மறுநாள் தாம்ஹிணி கணவாய் ஏறி முள்ஷிக்குப் போனோம். என் மகன் கேட்ட கேள்விக்கு அங்கே என்ன பதில் கிடைத்தது என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)