கடலோரச் சாலை

சென்ற தைப் பொங்கலன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மீது போர்ச்சுகல் நாட்டின் வரைபடம் ஒன்றை விரித்தோம். இன்றுவரை அதைச் சுருட்டவில்லை. தட்டுகளை அதன் மேலேயே வைத்து உண்கிறோம். லிஸ்பன் நகருக்குச் சற்று வடக்கே சாம்பார்க் கறை ஒன்று ஏரிபோல் படிந்துவிட்டது. அங்கே உண்மையில் ஏரி ஏதும் இல்லை என்பதை அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்கிறோம்.

தில்லிக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் எடுத்த நெடிய விடுப்புகளையெல்லாம் கணக்கிட்டுப் பார்த்தால், ஒன்றுகூட எங்களுக்காக எடுத்ததாக இல்லை. திருமணம், காதணி விழா, மருத்துவமனை, கருமாதி என்று ஒவ்வொன்றின் பொருட்டும் நாகப்பட்டினத்துக்கே சென்றோம்; நம் சங்கத்து அன்பர்கள் பலரின் கணக்கும் ஏறத்தாழ இதுவாகவே இருக்கும். இப்போது மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அஞ்சலகத்தில் ஐந்தாண்டுக் காலம் மாதந்தோறும் கட்டி வந்த தொடர் வைப்பும் முதிர்ந்தது. அந்தப் பணத்தை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தபோது, "ஒரு முறையாவது நாம் இருவர் மட்டும் எங்காவது போவோமே" என்ற சொல் பிறந்தது. யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை.

எங்களில் ஒருவர் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தர். மற்றவர் பள்ளி ஆசிரியை. எழுத்தருக்கு வண்டி ஓட்ட வராது. ஆசிரியை நாற்பதாம் வயதில் கற்றுக்கொண்டு, தில்லி வட்டச் சாலையின் மாலை நேர நெரிசலையே அசராமல் கடப்பவர். ஆகவே பயணத்தை வகுக்கும் பொறுப்பு எழுத்தருக்கும், வண்டியைச் செலுத்தும் பொறுப்பு ஆசிரியைக்கும் என்று பணிப் பங்கீடு தானாகவே அமைந்துவிட்டது.

போர்ச்சுகலைத் தேர்ந்தது எழுத்தர்தாம். காலையில் சாவியால் அலமாரியைத் திறந்து, துவாலையை எடுத்து, ஜன்னலோரத்து மேசையில் அமர்கிற எந்தத் தமிழனும் அந்நாட்டுக்குக் கடன்பட்டவன் என்பது அவர் வாதம். இச்சொற்கள் ஐந்தும் அம்மொழியிலிருந்து நமக்கு வந்தவை. பாதிரியும் ஏலமும் அவ்வாறே. இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்ச் சொற்கள் அச்சேறிய முதல் நூல் லிஸ்பன் நகரில், 1554-ல் வெளிவந்தது. அது ஒரு சிறிய சமய நூல். தமிழெழுத்து அப்போது வார்க்கப்படவில்லையாதலால், தமிழை உரோம எழுத்திலேயே அச்சிட்டார்கள். ஞானப்பெயர் பூண்டு அங்கே வாழ்ந்த தமிழர் மூவர் அதற்கு உதவினர். தமிழெழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578-ல்தான். லிஸ்பன் நூலின் படி அந்நகரத்துத் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. வாஸ்கோ ட காமாவின் கல்லறை உள்ள ஜெரோனிமோ மடத்துக் கட்டடத்திலேயே அந்த அருங்காட்சியகமும் அமைந்திருக்கிறது. சீரமைப்புக்காக 2022-ல் அதை மூடினார்கள். புறப்படுமுன் நிலைமையை விசாரித்துக்கொள்ள வேண்டும். திறக்காவிட்டால் வாசலில் நின்றாவது திரும்புவோம் என்கிறார் எழுத்தர். நம்மவர் மூவர் அந்த ஊரில் என்ன உண்டு, யாரோடு தமிழ் பேசியிருப்பார்கள் என்பதே ஆசிரியையின் கவலை.

காகித வேலைகளைச் சுருக்கமாகவே சொல்கிறோம். விடுப்புப் பயணச் சலுகை இந்திய எல்லையைத் தாண்டாது. செலவு முழுவதும் நம்முடையதே. அயல்நாடு செல்ல அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். அந்தப் படிவத்தில் செலவு எவ்வளவு, பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். அஞ்சலகக் கணக்குப் புத்தகத்தின் நகலை இணைத்தோம். ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு மேல் முந்தி விண்ணப்பிக்க இயலாது. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். வண்டி ஓட்டுபவர் நம் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அது ஓராண்டு செல்லும்.

எதிர்பாராத இடையூறு வேறிடத்திலிருந்து வந்தது. வாடகை வண்டி கொடுப்பவர்கள் முன்வைப்புத் தொகையைக் கடன் அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். அந்த அட்டை ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ அட்டை எழுத்தர் பெயரில் இருந்தது. இருபது ஆண்டுகளாகச் சம்பளம் வாங்கும் ஆசிரியை தம் பெயரில் ஓர் அட்டை இல்லாமல் இருந்தது அப்போதுதான் எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. வங்கியில் விண்ணப்பித்தபோது, "கணவர் அட்டையிலேயே துணை அட்டை வாங்கிக்கொள்ளலாமே, அம்மா" என்றாராம் அங்கிருந்த இளைஞர். ஆசிரியை விடையிறுக்கவில்லை, படிவத்தை மட்டும் அவர் பக்கம் தள்ளினாராம். அட்டை மூன்று வாரத்தில் வந்தது.

இனிச் சாலைக்கு வருவோம்.

எழுத்தர் வகுத்த திட்டம் இது. போர்ச்சுகலில் தேசியச் சாலை எண் இரண்டு என்று ஒன்று உண்டு. வடகோடியில் ஷாவெஸ் என்னும் ஊரில் தொடங்கி, நாட்டின் நடுமுதுகு வழியாக இறங்கி, தென்கோடியில் ஃபாரோ நகரில் முடிகிறது. நீளம் 739 கிலோமீட்டர். ஷாவெஸ் என்றால் அம்மொழியில் 'சாவிகள்' என்று பொருள். ஊரின் பெயர் என்னவோ உரோமர் காலத்து 'ஆக்குவே ஃபிளாவியே' என்பதன் மருவல்தான். அவ்வூரில் உரோமர் கட்டிய பாலம் இன்றும் நிற்கிறது. சுழியம் என்று பொறித்த கிலோமீட்டர்க் கல்லும் அங்கே உண்டு. அங்கிருந்து தூரூ ஆற்றின் திராட்சை மலைகள், விசேயூ, அப்ரான்டெஸ், பின்னர் தக்கை மரங்கள் நிறைந்த அலென்தேஜூச் சமவெளி. இச்சாலையில் செல்வோருக்கென்று ஒரு சிறு கடவுச்சீட்டும் உண்டு. வழியிலுள்ள ஊர்களில் அதில் முத்திரை இடுவார்கள். முப்பதுக்கு மேற்பட்ட முத்திரைகள்! அரசு எழுத்தருக்கு இதைவிட இன்பமான சுற்றுலா வேறென்ன இருக்க முடியும்?

திட்டத்தை நான்கு பக்கங்களில் தட்டச்சு செய்து, நாள் வாரியாகப் பத்தி பிரித்து, ஆசிரியையிடம் கொடுத்தார் எழுத்தர். ஆசிரியை வாசித்தார்; சிவப்பு மையை எடுக்கவில்லை. வரைபடத்தை ஒரு நோக்கு நோக்கிவிட்டு, "மேற்கேயும் தெற்கேயும் கடல் சூழ்ந்த நாட்டுக்குப் போகிறோம். பன்னிரண்டு நாள் கடல் கண்ணில் படாமல் போக ஒரு வழியைத் தேடிப் பிடித்திருக்கிறீர்களே" என்றார்.

எழுத்தர் முத்திரைகளைப் பற்றிச் சொன்னார். அது உண்மையான காரணம் அன்று என்பது இருவருக்கும் தெரியும்.

ஆசிரியை தாயை இழந்த குழந்தை. வளர்த்தவர் சித்தி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மகள் மருமகனோடு அடுத்த வாரம் வருகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, சித்தி அன்று காலை மீன் வாங்கத் துறைக்குப் போயிருந்தார். நாங்கள் தில்லியில் தொலைபேசியைச் சுழற்றிக்கொண்டே இருந்தோம், இணைப்புக் கிடைக்கவில்லை. இரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது செய்ய வேண்டியவற்றை ஊர் செய்து முடித்திருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அவர்களுள் ஒருவர் எங்கள் சித்தி என்பதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அதன்பின் ஆண்டுதோறும் ஊருக்குப் போகிறோம். கடற்கரைக்குப் போவதில்லை. வேளாங்கண்ணிக்குப் போனாலும் கோயிலோடு திரும்பிவிடுவோம். சென்னையில் உறவினர் வண்டியில் அழைத்துச் சென்றால், கடற்கரைச் சாலையை விடுத்து வேறு வழியாகப் போகச் சொல்ல எழுத்தர் ஏதேனும் ஒரு சாக்கு வைத்திருப்பார். இப்படிச் செய்யும்படி யாரும் யாரையும் கேட்டதில்லை. வீட்டில் நாற்காலி ஒன்று கால் ஒடிந்து கிடந்தால், யாரும் சொல்லாமலே அதில் உட்காருவதைத் தவிர்ப்போம் அல்லவா, அதுபோல.

எழுத்தர் மறைத்த செய்தி இன்னொன்றும் உண்டு. லிஸ்பனைப் பற்றி அவர் சேர்த்த குறிப்புகளில் ஒரு பக்கத்தை மட்டும் அலுவலகப் பையிலேயே வைத்திருந்தார். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். காலை ஒன்பதரை மணிக்குமேல், தேவாலயங்களில் மக்கள் நிறைந்திருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. கட்டடங்களுக்குத் தப்பியவர்கள் வெட்டவெளியை நாடி ஆற்றங்கரைத் துறைக்கு ஓடினார்கள். நீர் பின்வாங்கித் துறையின் அடித்தரை தெரிந்தது. பிறகு அலை வந்தது. எஞ்சியதைத் தீ நாட்கணக்கில் எரித்தது. பின்னர் பொம்பால் பிரபுவின் தலைமையில் ஆற்றையொட்டிய நகரப் பகுதியை நேர்நேரான தெருக்களாக வகுத்து, அதிர்ச்சியைத் தாங்கும்படி சுவர்களுக்குள் மரக்கூண்டுகளை வைத்துக் கட்டினார்கள். கார்மோ மடத்துத் தேவாலயம் கூரையின்றி இன்றும் அப்படியே நிற்கிறது.

"அந்தப் பக்கத்தையும் கொடுங்கள்" என்றார் ஆசிரியை.

"எந்தப் பக்கம்?"

"லிஸ்பன் அலை. பள்ளி நூலகத்தில் நான் மாசி மாதமே படித்துவிட்டேன்."

அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. சித்தியைப் பற்றிப் பேசினோம். அவர் மீன்காரியிடம் பேரம் பேசும் விதத்தைப் பற்றி, கருவாட்டை மொட்டைமாடியில் உலர்த்திவிட்டுக் காக்கைக்குக் காவலாக எங்களில் ஒருவரை உட்கார வைத்ததைப் பற்றி (அது எழுத்தர், புது மாப்பிள்ளை என்ற மரியாதை கூடக் காட்டவில்லை), இப்படிச் சிறு சிறு செய்திகள். அலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. "ஊர்க் கடலுக்கு முன்னால் நிற்க எனக்கு இன்னும் வராது. அங்கே தெரிந்த முகங்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். யாருக்கும் என்னைத் தெரியாத ஓரிடத்தில் நின்று பார்க்கிறேன். வண்டி என் கையில் இருக்கும். வேண்டாமென்றால் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்" என்றார் ஆசிரியை. இதற்கு எழுத்தரிடம் மறுப்புக் குறிப்பு ஏதும் இல்லை.

ஆகவே திட்டம் திருத்தப்பட்டது. போர்ட்டோ நகரில் வண்டி எடுக்கிறோம். எழுத்தர் மனம் நோகாதிருக்க ஒரு நாள் ஷாவெஸ் சென்று, சுழியக் கல்லைத் தொட்டு, ஒரே ஒரு முத்திரை பெற்றுத் திரும்புகிறோம். பின்னர் கடலை வலப்புறம் வைத்துக்கொண்டு தெற்கு நோக்கி இறங்குகிறோம். உப்பளங்கள் உள்ள அவேய்ரூ. அடுத்து நசரே. குளிர்காலத்தில் மலைபோல் அலை எழும் இடம் அது. 2020 அக்டோபரில் அங்கே ஒருவர் சறுக்கிய அலையை இருபத்தாறு மீட்டர் என்று அளந்தார்கள். நாங்கள் போவது செப்டம்பரில். அலையைக் காட்டிலும் ஆசிரியை நாடுவது அவ்வூர் மணலில் பெண்கள் மீனைக் கீறி, சட்டங்களில் பரப்பி வெயிலில் உலர்த்தும் காட்சியை. அதன் படத்தைப் பார்த்தவுடன், ஒரு நாள் என்றிருந்ததை அடித்து இரண்டு நாள் என்று எழுதிவிட்டார். அப்போதுதான் சிவப்பு மை வெளிவந்தது.

லிஸ்பனில் நான்கு நாள், வண்டி இல்லாமல். அங்கே மேடும் பள்ளமும் குறுகிய தெருக்களும் மிகுதி, வண்டி நிறுத்த இடம் அரிது என்கிறார்கள். பின்னர் வேறொரு வண்டியெடுத்து, காமா பிறந்த சினெஸ், பாறை முனைகளில் நாரைகள் கூடு கட்டும் சர்தாவூ முனை, ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையான சாக்ரெஸ். அங்கே கலங்கரை விளக்கத்தருகில் அட்லாண்டிக்கைத் தவிர எதிரில் ஒன்றுமில்லை. அந்த நாளுக்கான பத்தியில் எழுத்தர் எதையும் தட்டச்சு செய்யவில்லை.

போக விரும்பும் அன்பர்களுக்காகச் சில குறிப்புகள். அங்கே 'கசோலியூ' என்றால் டீசல். பெட்ரோலுக்கு 'கசோலினா' என்று கேட்க வேண்டும். பெயர் மயக்கத்தில் மாற்றி ஊற்றினால் தொடர் வைப்பின் மிச்சமும் கரையும். உணவகத்தில் கேளாமலே ரொட்டியும் ஒலிவக் காயும் கொண்டுவந்து வைப்பார்கள். உண்டால் விலை உண்டு, வேண்டாவிட்டால் திருப்பிவிடலாம். சில நெடுஞ்சாலைகளில் சுங்கச் சாவடியே இராது. மேலே உள்ள கருவி எண்ணைக் குறித்துக்கொள்ளும். அதற்குரிய சிறு பெட்டியை வண்டியோடு கேட்டு வாங்குவது நலம். தெற்கே ஏ-22 சாலையில் 2025 சனவரி முதல் நாளிலிருந்து சுங்கம் இல்லை. மரக்கறி உண்பவர்கள் பச்சைக் கீரைச் சூப் என்று நம்பி ஏமாற வேண்டா. பெரும்பாலும் அதில் பன்றிக்கறித் துண்டு ஒன்று மிதக்கும்.

அலுவலக அனுமதி இன்னும் வரவில்லை. கோப்பு மூன்றாம் மேசையில் இருக்கிறது என்று அறிகிறோம். அந்த மேசைக்காரர் விடுப்பில் ஊருக்குப் போயிருக்கிறார். எதன் பொருட்டு என்பதை ஊகிப்பது கடினமன்று.

இதற்கிடையே ஒத்திகை நடைபெறுகிறது. அங்கே சாலையின் வலப்புறம் செல்ல வேண்டும். ஓட்டுபவர் இருக்கை இடப்புறம். வேகத்தண்டை வலக்கையால் மாற்ற வேண்டும். ஆகவே இரவு உணவுக்குப் பின், குடியிருப்பின் கீழே நிறுத்தியிருக்கும் எங்கள் சிறிய வண்டியில் ஆசிரியை இடப்பக்க இருக்கையில் அமர்ந்துகொள்கிறார். முன்னால் இல்லாத சக்கரத்தை இடக்கையால் பிடித்தபடி, வலக்கையால் தண்டைத் தொட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று பழகுகிறார். எழுத்தர் வலப்பக்கத்தில், உண்மைச் சக்கரத்துக்கு முன்னால், அதைத் தொடாமல் அமர்ந்து வரைபடத்தைப் படிக்கிறார். "இப்போது எங்கே இருக்கிறோம்?" என்று கேட்கிறார் ஆசிரியை. "அவேய்ரூ தாண்டியாயிற்று. அடுத்தது நசரே" என்கிறார் எழுத்தர். காவல்காரர் கைவிளக்கை எங்கள் மேல் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் நகர்கிறார்.