மலையேறி வரும் மீன்

தலவாக்கலைச் சந்தையிலே ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்பெட்டிகளின் மூடி திறக்கப்படும்போது, கடல் ஏறக்குறைய 4,000 அடி மேலேறி வந்துவிட்டது போன்றதொரு வாடை பரவும். திம்புள்ளத் தோட்டங்களிலிருந்து வந்து கூடும் அக்கூட்டத்திலே ஓர் இளைஞனும் நிற்கிறான். லயத்தின் பின்புறத்தில், சீமெந்து இறுகிய இரு தகரங்களை இரும்புக் குழாயின் முனைகளிற் பொருத்திப் பளு தூக்குபவன் அவன். தசை வளரப் புரதம் வேண்டும் என அறிந்திருக்கிறான். கையிலிருப்பதோ தாயின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால் அப்பங்கின் அளவு விளங்கும்.

அவனுடைய கண் முதலிற் செல்வது அறக்குளாத் துண்டின் மீதே. விலை உயர்ந்தது வலிமையும் மிகுதியாகத் தரும் என்பது எளிதில் நீங்காத மயக்கம். உண்மையில் 100 கிராம் அறக்குளாவிலும் அதே நிறைச் சாளையிலும் புரதம் ஏறக்குறைய 20 கிராமே; சூரையிற் சற்று அதிகம். சாளையை முள் மெத்தென வேகவைத்து முழுதாக உண்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும்.

ஆயினும் சாளைக்கும் சூரைக்கும் ஒரு குறையுண்டு. போதிய ஐஸின்றி நெடுந்தூரம் வந்தால் அவற்றிலே ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். உண்டவருக்கு முகஞ் சிவந்து தலை வலிக்கும். சமைத்தாலும் அது அழியாது. கெட்ட வாடை வீசாத மீனிலும் அது இருக்கக்கூடும். எனவே மலைநாட்டவர் விலையைக் கேட்குமுன் பெட்டியிலுள்ள ஐஸைப் பார்ப்பது நன்று.

ஐஸ் பார்க்கும் தொல்லை வேண்டாதவர்க்குக் கருவாடு பழைய துணை. உலர்ந்த நெத்தலியின் நிறையிற் பாதிக்கு மேல் புரதமே. கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டு அதைத் தள்ளுபவர், பச்சை மீனில் நீரையும் நிறுத்து வாங்குவதை மறந்துவிடுகின்றனர். உப்பு மிகுதியாதலின் இருமுறை ஊறவைத்து நீரை வடித்தல் வேண்டும். 60 கிலோ நிறையுள்ள, பளுப் பயிற்சி செய்யும் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் புரதம் போதும். அதை முழுவதும் மீனே தர வேண்டியதில்லை. மீன் அடுப்பேறாத வெள்ளிக்கிழமைகளிலே பருப்பும் கடலையும் அப்பொறுப்பை ஏற்கின்றன.

இக்கணக்கில் விடுபடுவது ஒன்றுண்டு. 'வளருற புள்ள' என்று நடுத்துண்டை மகனுக்கு வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறாள் தாய். கொழுந்துக் கூடையுடன் சரிவேறும் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுநாளைய தொல்லை. மீனிலுள்ள இரும்புச்சத்து அளவிற் சிறிதாயினும், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்க மீன் துணைசெய்கிறது. உணவோடு பருகும் தேநீரோ அதைத் தடுக்கிறது. தேயிலை பறிப்பவளுக்குத் தேநீரே இடர் செய்வது கொடுமைதான்.

இளைஞன் அறக்குளாவிலிருந்து கண்ணை எடுக்கிறான்.

"அண்ணே, ஐஸுக்குக் கீழ இருக்கிற சாளையில ஒரு கிலோ போடுங்க."

"என்ன தம்பி, துண்டு மீன் வேணாமா?"

"வீட்டுல நாலு பேருண்ணே."