முரளியைக் கூப்பிட்டது யார்?

தோட்டத்து ஆபிசுக்கு வரும் ஆங்கிலப் பேப்பர் தொரை, பெரிய கிளாக்கர் என்று கைமாறி, இரண்டு நாள் கழித்து ஹட்டன் சலூன் பெஞ்சுக்கு வந்து சேரும். அங்கே அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் விரிப்பார்கள். தெரியாத சொல் பெரிய தொல்லையில்லை. 'டக்' என்றிருந்தால் கீழே ஸ்கோர் அட்டவணையில் பெயருக்கு நேரே சைபர் நிற்கும், விளங்கிவிடும். காலை வாரிவிடுவது தெரிந்த சொல்தான்.

1995 டிசம்பரில் மெல்பர்னில் நடந்ததற்குப் பெயரே 'பொக்சிங் டே' டெஸ்ட். குத்துச்சண்டைக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன உறவு என்று ஒரு பெரியவர் கேட்டார். நத்தாருக்கு மறுநாள் வேலைக்காரர்களுக்குப் பெட்டியில் அன்பளிப்பு கொடுக்கும் வெள்ளைக்கார வழக்கம் அது என்றார் அங்கிருந்த மாஸ்டர். "நம்ம தொரைமார் அந்தப் பொட்டிய கண்ணுலயே காட்டலியே!" என்றார் பெரியவர்.

அதைவிட மோசம், அதே ஆட்டத்தில் இலங்கைப் பந்துவீச்சாளர் முரளிதரன் 'கோல்ட்' (called) என்பது. பாலர் வகுப்புச் சொல். கூப்பிட்டார்கள் என்றால் யார், எதற்கு? நடுவர் டெரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு தடவை 'நோ-போல்' என்று குரல் கொடுத்ததை அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார்கள். பந்தை வீசாமல் எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. நம் பேச்சில் வீசுவதும் எறிவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கிரிக்கெட் ஆங்கிலத்தில் ஒன்று தொழில், மற்றது களவு. கையை வழக்கமாகக் கவனிப்பவர் ஸ்குயர் லெக் நடுவர். ஹெயரோ பந்துவீச்சாளர் முனையில் நின்றே சொன்னார். முனை மாறி முரளி வீசிய பன்னிரண்டு ஓவர்களில் மற்ற நடுவர் ஸ்டீவ் டன் வாயே திறக்கவில்லை. இவ்வளவும் தெரிந்தால்தான் அந்தச் சின்னச் சொல் பிடிபடும். எந்த அகராதியும் இதைச் சொல்லாது.

முரளியின் தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். முரளியின் பக்கம் நிற்கப் பெஞ்சுக்கு வேறு காரணம் வேண்டுமா?

பிறகு 'தூஸ்ரா' வந்தது. 'மற்றது' என்று பொருள்படும், சக்லைன் முஷ்டாக்கின் பந்துவீச்சால் பிரபலமான அந்த உருதுச் சொல்லுக்கு ஆங்கில நிருபர்கள் தங்கள் வாசகருக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் திருப்திதான். ஹிந்திப் படம் பார்த்த பெஞ்சுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

2005இல் பந்து வீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று ஐசிசி வரையறுத்தது. அது எவ்வளவு என்று சலூன்காரர் கத்தரியோடு கையை மடக்கி நீட்டிக் காட்ட, நாற்காலியில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.