குளமும் குடமும்

கோடை விடுமுறையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலை நோக்கிய சொகுசு மாளிகையில் இரு நாள் தங்கப் பிள்ளைகள் விரும்பினர். தனி நீச்சல் குளமும் உண்டாம்! 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளம் 75,000 லிட்டர் கொள்ளும்; 15 லிட்டர் குடத்தால் 5,000 குடம்.

அம்பத்தூர்வாசிகள் 2019-ஐ மறப்போமா? செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீருடன் புறப்பட்ட ரயில், நம் ஊரைக் கடந்தே வில்லிவாக்கம் சேர்ந்தது. அந்நீர் இத்தகைய 33 குளங்களையே நிரப்பும். கடலோர மணலிலுள்ள நன்னீரை அளவின்றி இறைத்தாலோ உப்புநீர் உட்புகும். பிறகு அவ்வூர்க் கிணறுகளின் கதி?

கணக்கைக் கேட்ட பிள்ளைகள் கோவளக் கடற்கரையே போதுமென்றனர். அலையில் கால் நனைக்க வாடகை ஏது?