மாளிகைமேடு சொல்லும் பாடம்

திருமறையின் ‘அர்ரூம்’ அத்தியாயத்தை ஓதும்போது, ரோமரின் தோல்வியும் வெற்றியும் தொலைதூரத்துச் செய்தியாகவே நமக்குத் தோன்றுகின்றன. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பார்க்குமாறு அதே அத்தியாயம் தூண்டுகிறது. காவிரிக்கரையில் வாழும் நாம் அதற்காக ரோமாபுரி செல்ல வேண்டியதில்லை.

முதலாம் இராசராசன் 1010-இல் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தான். 1025-இல் அவன் மகன் இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குள் பாண்டியர் தஞ்சையை எரித்தனர். 1231-இல் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த கோப்பெருஞ்சிங்கன், கடல்கடந்து வந்த பகைவன் அல்லன். சோழருக்கு அடங்கியிருந்த குறுநிலத் தலைவர் குடியினன். மன்னனை மீட்க ஹொய்சளர் படை வரவேண்டியிருந்தது. 1279-உடன் சோழராட்சி முடிந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளமே எஞ்சியுள்ளது. அவ்வூர்க் கோயில் மதிலின் கற்கள் 19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்து அணைக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டன. அதற்கெல்லாம் முந்திய கல்லணையோ இன்றும் நம் வயல்களுக்கு நீரைப் பிரித்தளிக்கிறது.

நம் ஊர்களிலும், முன்னோர் கடல்கடந்து ஈட்டிய பொருளில் எழுந்த பெருவீடுகள் சில, வாரிசுப் பிணக்கால் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை இடித்தவர் வெளியார் அல்லர். மார்க்கம் வகுத்த பங்கை, சகோதரிகளின் பங்கு உட்பட, காலந்தாழ்த்தாது கொடுத்துவிடுவோம். ஊருக்குப் பயன்படும் நிலையான தர்மம் ஒன்றையேனும் விட்டுச்செல்வோம். அதற்கு அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.