நீல பம்ப், மண்ணிற பம்ப்

மச்சாள் தாதியர் பயிற்சி படிக்கிறா. லீவில திருக்கோவிலுக்கு வந்தவ கொப்பியை என்னட்டத் தந்து, "நீ கேள்வியைக் கேளு, நான் சொல்றன்" எண்டா. நான் கலைப்பீடம். மருந்துப் பெயர்களை வாசிக்கவே நாக்குச் சுழண்டது.

அன்றைய பாடம் ஆஸ்துமா. எங்கட வீட்டில அதுக்குப் பேர் முட்டு.

"சல்பியூட்டமோல்?"

"நீல பம்ப். மூச்சுக்குழாயைச் சுத்தியிருக்கிற தசையைத் தளர்த்தும். சில நிமிஷத்தில சுகம் வரும், 4 - 6 மணித்தியாலம் நிக்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்."

"பெக்லோமெதசோன்?"

"மண்ணிறம். குழாய்க்குள்ள இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும். ஒவ்வொரு நாளும் எடுக்கணும். எடுத்தாப் பிறகு வாயைக் கொப்பளிச்சுத் துப்பணும். இல்லாட்டி வாயில பூஞ்சணம் பிடிக்கும்."

"நெஞ்சில விசில் சத்தம் நிண்டா சுகம்தானே?"

"எப்பவும் இல்ல. ஆள் திணறிக்கொண்டிருக்கக்க சத்தம் நிண்டா காத்தே போகல்ல எண்டு அர்த்தம். உடனே ஆஸ்பத்திரி."

எனக்கு அடுத்த கேள்வி வரவில்லை. போன வெள்ளாமை வெட்டு நேரம், தூசு பறந்த ஒரு இரவு, அம்மம்மாவின் சத்தம் அப்படித்தான் நின்றது. குறைஞ்சிட்டு எண்டு நினைச்சு அவவைப் படுக்க வைத்தோம். அவ பேச முடியாமல் கையால் காட்டிய பிறகுதான் ஆட்டோவுக்கு ஓடினோம். நிமிர்த்தி இருத்தியிருக்க வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

அம்மம்மாவுக்கும் கிளினிக்கில இரண்டு பம்பும் கொடுத்திருக்கிறார்கள். நீலம் தலையணைக்கு அடியில். மண்ணிறம் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்குள்.

"வருத்தம் இல்லாத நேரம் என்னத்துக்கு மனே மருந்து? அடிச்சாலும் ஒண்டும் தெரியல்லையே."

அவ சொல்வதிலும் நியாயம் இருக்கு. மண்ணிறத்தின் முழுப் பலன் தெரியக் கிழமைக்கணக்கில் செல்லும். ஆனால் நீலம் வீக்கத்தைத் தொடாது. வள்ளத்து ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை மட்டும் இறைக்கிற மாதிரி. பெரியவர்களுக்கு நீலத்தை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்ய வேண்டாம் என்று 'ஜீனா' என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டியே 2019இல் சொல்லிவிட்டது.

மச்சாள் அம்மம்மாவுக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. மண்ணிற பம்பை எடுத்துப் பற்பசைக்குப் பக்கத்தில் வைத்தா. "இதை அடிச்சிட்டுப் பல் தீட்டுங்க. வாய் கொப்பளிக்கிறதும் அதோட முடிஞ்சிரும்." என்னட்ட, "நீலம் அடிக்கிற ஒவ்வொரு தரமும் கலண்டரில கோடு போடு. கிழமைக்கு ரெண்டைத் தாண்டினா முட்டு கட்டுப்பாட்டில இல்ல. கிளினிக்கில அதைக் காட்டு" எண்டா.

மச்சாள் சோதனைக்குப் போயிட்டா. கோடு போடுறது நான்தான். முதல் கிழமை 6. போன கிழமை 3. இன்னும் ஒண்டு குறையணும்.