சருகுக்கு வந்த யோகம்!

நம்ம ஊரில் வாசலில் சருகு கிடந்தால் என்ன செய்வோம்? கூட்டிக் குவித்துத் தீ வைப்போம். அமெரிக்காவில் என் அக்காவோ, "போய்ப் பொறுக்கிட்டு வாடா" என்று கையில் ஒரு கூடையைக் கொடுத்தாள். இஸ்திரி போட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைக்கவாம்!

குளிரில் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

2023 நவம்பர். பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர். அடியேன் போய் இறங்கியது திங்கள்கிழமை. வியாழக்கிழமை 'தேங்க்ஸ்கிவிங்'. நம்ம பொங்கல் மாதிரி, அறுவடைக்கு நன்றி சொல்லும் பண்டிகை.

1863-ல், உள்நாட்டுப் போருக்கு நடுவிலே ஆப்ரகாம் லிங்கன் இதை தேசத்துக்கே பொதுவாக்கினார். 1939-ல் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு இன்னும் ஒரு வாரம் கிடைக்கட்டுமே என்று பண்டிகையை முன்னால் தள்ளி வைக்க, நாடே இரண்டுபட்டது. கடைசியில் 1941-ல் சட்டம் போட்டு, நவம்பர் நான்காவது வியாழன் என்று முடித்தார்கள். (பி.காம். படித்த எனக்கு இந்தச் சரித்திரம் மட்டும் சட்டென்று புரிந்தது!)

செவ்வாய்க்கிழமை மாமா எங்களை ப்ளிமத்துக்குக் காரில் அழைத்துப் போனார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் குடியேறிய கடற்கரை. முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் செத்துப்போக, மிஞ்சியவர்கள் 1621-ல் அறுவடை விருந்து வைத்தார்கள். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான வாம்பனோக் மக்கள் சுமார் 90 பேர், தலைவர் மாசசோயிட்டோடு வந்து மூன்று நாள் கலந்துகொண்டார்கள்.

கல்தூண் மண்டபத்துக்குள், பள்ளத்தில் ஒரு பாறை. '1620' என்று செதுக்கியிருக்கிறார்கள். "இவ்வளவுதானா மாமா?" என்றேன். "எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்றார்.

எதிரே மேட்டில் மாசசோயிட்டின் சிலை. 1970-லிருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பூர்வகுடி மக்கள் அங்கே கூடித் துக்கநாள் அனுசரிக்கிறார்கள். விருந்து வைத்தவர்களின் வாரிசுகள் பின்னால் நிலத்தை எல்லாம் பிடுங்கிக்கொண்டார்களே!

"ஒரே நாள்டா. ஒருத்தருக்கு விருந்து, இன்னொருத்தருக்குத் துக்கம்" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

எனக்குச் சுருக்கென்றது.

2019-ல் மதுரையில் அப்பாவின் வீட்டை விற்றேன். எனக்குக் கடன். அக்கா மறுபேச்சில்லாமல் பவர் எழுதிக் கொடுத்தாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பொங்கலுக்கு வர்றேன். ஒரு தடவை பார்த்துக்கறேன். அப்புறம் வித்துக்கோ." வாங்குகிறவர் அவசரப்பட்டார். நான் கார்த்திகையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டேன். அவள் பங்கைப் பைசா சுத்தமாக அனுப்பினேன். கணக்கு டாலி ஆயிற்று. அக்கா மட்டும் அதற்குப் பிறகு போனில் "சாப்பிட்டியா?"வைத் தாண்டவில்லை.

புதன்கிழமை அலங்கார வேலை ஆரம்பம். மேஜைக்கு நடுவே நீளமாகச் சாக்குத் துணி. நம்ம வீட்டில் கால் துடைக்கப் போடுவோமே, அதேதான். இங்கே கடையில் அளந்து வாங்கி, ஓரம் அடித்து விரிக்கிறார்கள்! அக்கா பைன் மரக் காய்களைத் தட்டில் பரப்பி அவனுக்குள் தள்ளினாள்.

"இதையுமா சாப்பிடணும்?"

"பூச்சி சாகும், மக்கு. சூட்டில் செதிலும் விரியும்." அரை மணியில் தாமரை மொட்டு அவிழ்ந்தாற்போல விரிந்து வந்தன. அந்த இடுக்குகளில் விருந்தாளிகள் பெயர் எழுதிய சீட்டுகளைச் செருகினோம்.

கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு கிரான்பெர்ரிப் பழங்களைப் போட்டோம். உள்ளே காற்றறை இருப்பதால் குண்டுமணியாக மிதக்கின்றன. மேலே மிதக்கும் மெழுகுவத்தி. அக்கா மகள் அட்டையில் தன் கையை வைத்து வரைந்து, கட்டைவிரலுக்கு மூக்கு போட்டு வான்கோழியாக்கினாள். மற்ற விரல்கள் தோகை. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது அத்துப்படி.

மேப்பிள் இலைகள் அக்டோபரிலேயே கொட்டித் தீர்ந்துவிட்டன. நல்ல சிவப்பு இலைகளை மருமகள் அப்போதே மாமாவின் தடித்த கம்ப்யூட்டர் புத்தகங்களுக்குள் வைத்திருந்தாள். (அந்தப் புத்தகங்களால் ஒரு பிரயோஜனம்!) நான் பொறுக்கியதெல்லாம் பழுப்பு ஓக் இலை. மெழுகுத்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட வேண்டும். அடியேன் தாளை மறந்தேன். புகை. கூரையில் அலாரம் அலறிற்று. மாமா நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினார். நான்கு வருஷத்துக்குப் பிறகு அக்கா சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

கடைசியாக மேஜையின் நடுவிடம். பல நிற மணிகள் கொண்ட சோளக் கதிர்களை வைக்க அக்கா ஒரு பாத்திரத்தை எடுத்து வந்தாள். பித்தளைப் படி. விளிம்பில் நசுங்கல். நான் சின்ன வயதில் கிணற்றடியில் போட்ட நசுங்கல்!

"இதை... எடைக்குப் போட்டேனே அக்கா?"

"சித்தி கடைக்காரன்கிட்ட பேசித் திருப்பி வாங்கினா. ஊர்லேர்ந்து வந்தவங்க கையில கொடுத்தனுப்பினா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வியாழன் மதியம் விருந்து. மிளகாய்ப்பொடி தடவிய வான்கோழி ஒரு பக்கம், எலுமிச்சை சாதம் ஒரு பக்கம். சாப்பிடுமுன் ஒவ்வொருவரும் காகிதத்தில் வெட்டிய இலையில் தங்கள் நன்றியை எழுதி, படியில் செருகிய குச்சியில் மாட்ட வேண்டும். மருமகள் நாய்க்குட்டிக்கு நன்றி எழுதினாள், இன்னும் வாங்கித் தராத நாய்க்குட்டிக்கு! மாமா வங்கிக் கடன் முடிந்ததற்கு.

நான் வெகுநேரம் யோசித்து எழுதினேன்: 'அக்கா, உனக்காகக் காத்திருக்காமல் விற்றேன். தப்பு. மன்னிச்சிடு.'

அக்கா வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இது நன்றி இல்லையேடா. போ, வேற இலை எடு."

முதல் இலையை மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். இரண்டாவதில், 'படியைக் காப்பாற்றியதற்கு நன்றி' என்று எழுதினேன். அதை அவளே மாட்டினாள்.

ஊர் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "வர்ற பொங்கலுக்கு வர்றேன். உன் வாடகை வீட்டுக்குத்தான். நான் வர்ற வரைக்கும் வாசல் சருகைக் கூட்டாதே, ஆமா!"